பாட்டு முடிந்த பிறகும் கேட்ட குரல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் இடி. பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை உதறி மடிப்பவள், வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்ததும் அண்ணனின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் போவாள். அண்ணன் அதை ஆல்டர்நேட்டிவ் ராக் என்பான். அம்மா, வேற பொழப்பு இல்லாத ராக் என்பாள். பதினாறு வருடம் ஓடிவிட்டது. மணிக்கட்டு இரண்டும் விட்டுப்போயின. ஆசை அதற்கு முன்பே விட்டுப்போயிற்று.

குழுவிலிருந்து விலக வேண்டும். அதை அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. "முதல் சிங்கிள் பாட்டு மட்டும் வெளிவரட்டும், அப்புறம் பாரு" என்று அவன் சொல்ல ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு நரைகூடக் கிடையாது. தான் போய்விட்டால் அவன் ஒடிந்துபோவான் என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள். இப்படி நினைக்காத தங்கச்சிகள் உலகத்தில் கொஞ்சம்தான்.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஒற்றைப் பாட்டு இணையத்தில் வெளியானது. சாப்பாட்டு நேரத்தில், துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். கூட வேலை பார்க்கும் அக்காக்கள் சுற்றி நின்றார்கள். பாட்டு முடிந்து கிடார் அடங்கியது. குச்சிகளைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்:

"இதோட போதும்டா சாமி. இனிமே என்னால முடியாது. அண்ணன்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நல்லாத்தான் நடிச்சிருக்கே" என்றாள் இஸ்திரி அக்கா.

அவள் நடிக்கவில்லை. ஒலிப்பதிவு அன்று, மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்து முணுமுணுத்தது அது. வாசலுக்கு ஓடி அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, வெட்டாத பதிவு போயிருச்சு! உடனே எடுத்துடு."

"தெரியும். நான்தான் ஏத்தினேன்."

"கடைசி வரைக்கும் கேட்டியா?"

"ஆறு மாசமா கேட்டுட்டுதான் இருக்கேன். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்ற வழியக் காணோம்."

"அதுக்கு ஊருக்கே போட்டுக் காட்டணுமா?"

"பாட்டுல அந்த இடந்தான் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். "நீ வீட்ல ரெஸ்ட் எடு. செவ்வாய்க்கிழமைலேர்ந்து வேற ஒருத்தர் வராரு. போன மாசமே பேசிட்டேன். நல்லா வாசிக்கிறாரு."

இத்தனை வருடம் சுமந்தது இறங்கியதில் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது.

"என்னைவிடவா?" என்று கேட்டாள்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. போனை வைத்துவிட்டான்.