வைக்காத பட்டப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் பட்டப்பேர் வைக்கும் உத்தியோகம் என்னுடையது. சம்பளம் கிடையாது, ஆனால் மரியாதை இருந்தது. எப்போதும் பிந்தி வந்து எங்களை வேலை வாங்கும் கங்காணிக்கு ‘அப்புத்தளை ரயில்’. வாய் மூடாத பக்கத்து வீட்டுக்காரிக்கு ‘மழைத் தவளை’. திட்டிக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள்.

அந்தப் பேர்களுக்கு ஒரு உபயோகமும் இருந்தது. கொழுந்து எடுக்கும்போது பனிமூட்டம் இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்பவள்கூடத் தெரியமாட்டாள். அந்த நேரத்தில் யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் மலையின் வழக்கம். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும் பேர் மூட்டத்துக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுக்கும் தெரியும், அது கூப்பிட்டால் போய்விடுவோம் என்பார்கள். பட்டப்பேர் அதற்குத் தெரியாதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பேர் வைக்கச் சாக்குக் கிடைத்ததே, அது போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் தம்பி மொனராகலைப் பக்கம் பெண் எடுத்தான். வெயில் ஊர்க்காரி. முதல் நாள் வேலைக்கு வந்தவள், காலையில் எல்லாருக்கும் வேலை பிரிக்கிற பெரட்டில் பல்லெல்லாம் அடித்துக்கொள்ள நடுங்கிக்கொண்டு நின்றாள். சட்டென்று எனக்குள் ‘கிடுகிடு’ என்று ஒரு பேர் விழுந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது எல்லார் முன்னாலும் அவிழ்த்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் மூட்டம் வந்துவிட்டது. நான் அவளுக்கு அடுத்த நிரையில்தான் நின்றேன். அவளுக்குக் கீழே பள்ளம். விழுந்தால் எலும்புகூடத் தேறாது. அந்தப் பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

“கிடுகிடூ... இங்க வா, புள்ள.”

என் குரல். என் இழுவை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

“யக்கா, நீங்க எப்ப கீழ போனீங்க? யாரு அது கிடுகிடு?” என்றாள் அவள்.

செடிகளைத் தடவித் தடவிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “யாரோ அடுத்த மலைக்காரி. நீ பேசாம கொழுந்த எடு,” என்றேன். கீழே இன்னொரு தரம் கூப்பிட்டது. தன் பேர் என்று தெரியாததால் அவள் அசையவில்லை.

அதன்பின் அவளுக்கு நான் பேரே வைக்கவில்லை. வேறொன்று வைத்திருக்கலாமே என்பீர்கள். வாய் திறந்து சொல்லாததையே அது கேட்டுவிட்டது, சொன்னதை விடுமா? மற்றவர்கள் அவளுக்குப் பேர் வைக்கப் பார்த்தபோது எரிந்து விழுந்தேன். மூட்டம் வந்தால் அவளைக் கூப்பிட மாட்டேன், பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அந்தப் பேர் அவளுடையதாகிவிடும்.

சில வருஷங்களில் தம்பி குடும்பத்தோடு மொனராகலைக்கே போய்விடுவதென்று முடிவானது. பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கண் கலங்கிக் கேட்டாள்.

“லயத்து நாய்க்குக்கூடப் பேரு வச்சீங்க. இத்தன வருஷத்துல எனக்கு ஒண்ணு வைக்கலயே. என்னைய உங்களுக்குப் பிடிக்கவே இல்லைல்ல, யக்கா?”

நான் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தவள். அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

“ஆமா, பிடிக்கல. பஸ்ஸு வந்துருச்சு, ஏறு,” என்றேன்.