முருகா என்று பிறேக் பிடித்த குலம் அண்ணை

அன்று காலை அலுவலகத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது நடத்துநர் தவத்தின் அழைப்பு வந்தது.

“அக்கா, இண்டைக்கு பஸ் ஓடாது. வேற ஒழுங்கு பாருங்கோ.”

“ஏன் தவம், பழுதோ?”

“பஸ் நல்லாத்தான் கிடக்கு. அண்ணைதான்... விடிய ஆஸ்பத்திரியில காலமாயிட்டார்.”

முல்லைத்தீவிலிருந்து காலையில் கிளிநொச்சிக்குப் போய், மாலையில் திரும்பி வரும் எங்கள் பேருந்தின் சாரதி குலசிங்கம் அண்ணையைத்தான் தவம் சொன்னார். அந்தப் பேருந்தில் எங்களோடு வந்துபோன எல்லோருக்கும் அவர் குலம் அண்ணை. அவரோடு பயணித்த உங்களில் பலர் செத்தவீட்டுக்கு வந்திருந்தீர்கள். அங்கே ஒரு மூலையில் அழுகையும் மறு மூலையில் சிரிப்புமாக இருந்ததைக் கண்டு, தெரியாத ஒருவர் என்னிடம் காரணம் கேட்டார். அவருக்கு அப்போது சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குலம் அண்ணையின் வாயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் ஏசாமல் ஒரு கிலோமீற்றர் ஓட்ட அவரால் முடியாது. குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள், நடுவீதியில் படுத்திருக்கும் மாடு, சில்லறை இல்லாத பயணி, மழை, வெயில் எல்லாவற்றுக்கும் அவரிடம் தனித்தனி ஏச்சு இருந்தது. சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்தில் வழக்கமாக இருப்பவள் என்பதால் எல்லாம் என் காதில் விழும்; அவற்றில் பாதியை நான் இங்கே எழுத முடியாது.

அந்த வாய் ஒருநாள் வீட்டில் வினையாகியது. மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சோறு குழைந்துவிட்டதென்று மனைவி மணி அக்காவை எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டார். கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. மகள் புகுந்த வீடு போன அடுத்த நாள், மணி அக்கா தன் உடுப்புகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு வட்டக்கச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். “வாய் அடங்கினாப் பிறகு சொல்லி அனுப்புங்கோ, வாறன்” என்பதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை.

அதன்பிறகு சில கிழமைகள் எங்கள் பேருந்தில் ஏறவே பயமாக இருந்தது. பிறகு ஒருநாள் காலை, விபூதி மணக்க, தலை ஈரம் காயாமல் வந்து இருக்கையில் ஏறியவர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தங்கச்சி, நான் தியானம் தொடங்கியிருக்கிறன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முருகன் கோயில் ஐயரிடம் போய், கோபம் குறைய என்ன நேர்த்தி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். ஐயர் நேர்த்தி ஒன்றும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் குளித்து, சாமியறையில் ஒரே இடத்தில் இருந்து, வேலோடு நிற்கும் முருகனை நெஞ்சில் வைத்து, முருகா என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னார். மனம் ஓடிப்போனால் ஏசாமல் திரும்பக் கூட்டி வரவேண்டும் என்றும் சொன்னார்.

“எல்லாம் செய்வன் தங்கச்சி. அந்த ஏசாமல் எண்டதுதான் விளங்கேல்லை,” என்றார் குலம் அண்ணை. “பிழை விட்டாக்களை ஏசாம எப்பிடித் திருத்திறது?”

முதல் நாள் எப்படி இருந்ததென்று கேட்டேன்.

“கண்ணை மூடினன். முருகன் வரமுதல் பரந்தன் சந்தி வந்திட்டுது.”

நாங்கள் தினமும் வழியில் மாட்டிக்கொள்ளும் சந்தி அது; அன்று பேருந்து முழுவதும் சிரித்தது. ஆனால் அவர் விடவில்லை. வீதியிலும் ஏச்சு வாய்க்கு வரும்போதெல்லாம் முருகா என்று சொல்லப் பழகினார். சொல் மாறியதே தவிர, தொனி மாறவில்லை. மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வெட்டினால், பிறேக்கை மிதித்துக்கொண்டு “முருகா!” என்று அவர் போடும் சத்தத்தில் அவன் நடுங்கித் திரும்பிப் பார்ப்பான். மாட்டுக்கு ஒரு முருகா, சில்லறை இல்லாதவருக்கு ஒரு முருகா என்று எங்களுக்குத் தொனியிலேயே விஷயம் விளங்கத் தொடங்கியது.

முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கிக் கிளிநொச்சிச் சந்தையில் விற்கும் பிலோமினா அக்காவை உங்களுக்குத் தெரியும். செபமாலை சொல்லாமல் பயணம் தொடங்காதவர். அவர்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் முருகனைக் கூப்பிடுறியளோ, கலைச்சுத் துரத்துறியளோ?”

குலம் அண்ணை விசுவமடு தாண்டும் வரை யோசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, “அவா சொல்லுறது சரி” என்று தனக்குத்தானே சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல்லின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஆனாலும் கண்ணை மூடினால் வீதிதான் வந்தது. முருகனின் முகம் நிற்கவே மாட்டேனென்றது. மனம் நொந்து மறுபடியும் ஐயரிடம் போனார். ஐயர் சிரித்துவிட்டு, “வீதிதான் வருகுதெண்டா அதை ஏன் விரட்டுறியள்? அந்த வீதியிலயே அவரை வைச்சுப் பாருங்கோ” என்றாராம். வீதியில் எங்கே வைப்பதென்று குலம் அண்ணை நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் விடிய, பேருந்துத் தரிப்பிடம் ஒன்றில், வேலைச் சாத்தி வைத்துவிட்டு முருகன் பஸ்ஸுக்கு நிற்பதாக நினைத்துக்கொண்டு இருந்தாராம். “நிண்டார் தங்கச்சி! கன நேரம் நிண்டார்!” என்று அன்று எங்களுக்குச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதனால் எங்களுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. நேரம் பிந்திவிட்டதென்றால் தரிப்பிடங்களில் கை காட்டுபவர்களைப் பாராமல் பறப்பது அவருடைய பழைய வழக்கம். இப்போது ஒரு கையையும் விடாமல் நிறுத்தத் தொடங்கினார். மூட்டையோடு ஒரு கிழவி ஓடி வந்தால் காத்திருந்து ஏற்றினார். அலுவலகத்துக்குப் பிந்துகிறதென்று நாங்கள் முணுமுணுத்தால், “நிக்கிறது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்பார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

“நீங்களும் தியானத்தில இருந்து பாருங்கோவன்” என்று என்னையும் தொடங்க வைத்தார். எங்கள் வீட்டில் நான் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஓடுபவள். இருந்து பார்த்தேன். எனக்கு நித்திரைதான் வந்தது. அதைச் சொன்னபோது, “உங்களுக்கு வரட்டும். எனக்கு பஸ் ஓடேக்கை வராட்டிச் சரி” என்றார். அதன்பிறகு காலைப் பயணத்தில் நாங்கள் இருவரும் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி, யாருடைய மனம் எங்கே ஓடியதென்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இதெல்லாம் வட்டக்கச்சிக்கு எட்டாமல் இருக்குமா? ஆனால் மணி அக்கா நம்பவில்லை. ஒருநாள் மாலை, கிளிநொச்சியில் பேருந்து புறப்படும் நேரம், சேலைத் தலைப்பால் முக்காடு போட்ட ஒருவர் பின்கதவால் ஏறி, பிலோமினா அக்காவின் வெறும் மீன்கூடைகளுக்குப் பின்னால் இருந்துகொண்டார். தவம் காசு வாங்கப் போனவர், கண்ணை அகல விரித்துக்கொண்டு திரும்பி வந்தார். பரந்தனுக்கு வரமுதல் செய்தி பேருந்து முழுவதும் பரவிவிட்டது. குலம் அண்ணைக்கு மட்டும் தெரியாது.

அன்று பார்த்து எல்லாம் எதிராக நடந்தது. பரந்தன் சந்தியில் முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன் நடுவீதியில் நின்று போன் கதைத்தான். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம். “முருகா” என்றார் குலம் அண்ணை, மெதுவாக. தருமபுரத்தில் ஒரு பட்டி மாடு வீதியை விட்டு அசையவில்லை. “முருகா, முருகா.” விசுவமடுவில் ஒரு ரிப்பர் லொறி எங்களை உரசுவது போல முந்திக்கொண்டு போனது. பிறேக் பிடித்த பிடியில் கூடைகள் உருண்டு முன்னால் வந்தன. பிலோமினா அக்கா மாதாவைக் கூப்பிட்டார். குலம் அண்ணையின் பின்கழுத்து சிவந்தது. வாய் திறந்தது. பிறகு மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், நெல் மூட்டையைத் தூக்கி வைப்பவரைப் போல, பாரமாக ஒரு “முருகா” வெளியே வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

முல்லைத்தீவில் பேருந்து நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. “என்ன, வீடு வாசல் இல்லையோ?” என்று திரும்பியவர், முக்காட்டை எடுத்துவிட்டு நடந்து வந்த மணி அக்காவைக் கண்டார். எழுந்து நின்றார்.

மணி அக்கா கேட்டார்: “அந்த ரிப்பர்காரன் வெட்டேக்கை மனசுக்குள்ள என்ன சொன்னனீங்கள்?”

குலம் அண்ணை தலையைக் குனிந்தார். “பழசுதான் வந்தது. வெளியில விடேல்லை.”

மணி அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார். “அது காணும், எனக்குப் போதும். வீட்டில அரிசி கிடக்கோ?”

“கிடக்கு. குழைஞ்சாலும் சாப்பிடுவன்.”

அதற்குப் பிறகுதான் நாங்கள் இறங்கினோம்.

அவர் ஞானியாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். வாய் இடைக்கிடை தவறியது. தவறிய நாட்களில் மறுநாள் விடிய நேரத்தோடு எழும்பித் தியானத்தில் இருந்தார். கடைசியாக நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பேருந்தை வேறொருவர் ஓட்டினார்; நானும் பிலோமினா அக்காவும் பார்க்கப் போனோம். களைத்துப்போயிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

“இஞ்ச நல்ல அமைதி, தங்கச்சி. ஆனா முருகனைக் காணேல்லை. ரோட்டில்லாட்டி அவருக்கு வழி தெரியாது போல கிடக்கு” என்றார். தாதி வந்து அதட்டும் அளவுக்கு நாங்கள் சிரித்தோம். வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எனக்குத் தொடங்க மட்டுந்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் தொடங்கினன். நடுவில என்ன நடக்கிறதெண்டு தெரிஞ்ச ஆக்கள் பெரிய ஆக்கள்.” அவர் குரலில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

செத்தவீட்டில் மணி அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். விடிய சாமியறையிலிருந்து அவருடைய குரல் கேட்குமாம். முருகா என்பதற்கு நடுவில், ஓடிப்போன தன் மனத்தோடு கதைப்பாராம். “எங்க போயிட்டு வாறியள்? பரவாயில்லை, வாங்கோ, வந்து இருங்கோ.” விருந்தாளியோடு கதைப்பது போல அவ்வளவு மரியாதையாம். “என்னோட அப்பிடிக் கதைக்க இன்னும் ஒரு வருசம் எடுத்தது. ஆனா கதைச்சவர்” என்று சொல்லிவிட்டு, மணி அக்கா அழுதார், உடனேயே சிரித்தார். அந்தத் தெரியாத மனிதர் கண்ட சிரிப்பு எங்களுடையதுதான்.

குலம் அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, தன் மனத்தைக் கூப்பிட்ட அந்த ஒரு வாக்கியம். இன்று விடிய விளக்கேற்றிவிட்டு இருந்தேன். மனம் அலுவலகத்துக்குப் போனது, சந்தைக்குப் போனது, அவருடைய சாம்பல் கரைத்த கடற்கரைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. வாங்கோ, வந்து இருங்கோ என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் என்னோடு இருந்தது.