மணிக்குள் அடைத்த துண்டு

இதை எழுத வாங்கிய நோட்டு பல வருஷமாக சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. திங்கள்தோறும் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி முன்னால் நின்று, இன்றைக்கு எழுதிவிடுகிறேன் அப்பனே என்று திருநீறு பூசிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் கை வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தாமதத்துக்குப் படிப்பு காரணமில்லை. பயம்தான்.

எங்கள் எம்.பி.யை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருடைய மாட்டுப்பட்டி. நூற்றுக்கு மேல் மலைமாடுகள்; மேய்ப்பவன் நான். அடிவாரக் காட்டில் மேயும். அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ராத்திரி மாட்டை அடைத்துக் கிடை போடுவோம். மேய்ச்சல் அனுமதிக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, மற்ற மாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துப் பேசிப் பழகியவர் அவர். அப்படியே பஞ்சாயத்துத் தலைவரானார், பிறகு எம்.பி. ஆனார்.

டெல்லிக்குக் கிளம்பும்போது பட்டியை என்னிடம் விட்டார். வாசலில் கற்பூரம் ஏற்றினார்.

"ஏலே, மாடு எம்புட்டு மெலிஞ்சாலும் ஓடையைத் தாண்டப்புடாது. அங்கிட்டு காட்டு மிருகங்களுக்கு உள்ளது. நம்ம மேல ஒரு சொல் வந்தா அம்புட்டுப் பேரு மேய்ச்சலும் போயிரும்."

"சத்தியமாத் தாண்ட மாட்டேன் அண்ணாச்சி" என்று கற்பூரத்தை என் உள்ளங்கையால் அணைத்தேன்.

ஜெயித்தபோது அவருக்குப் போட்ட பச்சைக்கரைத் துண்டு ஒன்றை அன்றைக்கு என் தோளில் போட்டுவிட்டுப் போனார். வாராவாரம் போன் வரும். "இங்க ரோட்டுல மாடு சும்மா நிக்குலே, மேய்க்க ஒருத்தனைக் காணோம். சபைக்குள்ள போனா பேசுறவிய அம்புட்டுப் பேரும் நம்ம முன்மாடு மாதிரி. தலையை ஆட்டுனா மணி அடிக்கு, நடையைத்தான் காணோம்" என்று சிரிப்பார்.

மந்தைக்கு முன்னால் போகும் பசுவின் கழுத்தில் வெண்கல மணி உண்டு. மாடு எங்கே நிற்கிறது என்று எங்களுக்கும் வனக் காவலர்களுக்கும் அந்தச் சத்தம்தான் சொல்லும்.

அடுத்த பங்குனியில் மழையில்லாமல் அடிவாரம் கருகிப்போனது. இரண்டு கன்றுகள் செத்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் பச்சை தெரிந்தது. நான் அந்தப் பச்சைக்கரைத் துண்டில் ஒரு முனையைக் கிழித்தேன், மணிக்குள் அடைத்தேன், மந்தையை ஓட்டினேன். ஒருநாள் இல்லை, ஒன்பது நாள். தினமும் காலையில் திருநீறு பூசிக்கொண்டுதான் போனேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"நாளைக்கு நம்ம மேய்ச்சலைப் பத்திப் பேச நேரம் குடுத்திருக்காவ. மாடு இங்கிட்டுத்தான நிக்கு?"

"இங்கிட்டுத்தான் அண்ணாச்சி."

மறுநாள் அவர் சபையில் எழுந்து, எங்கள் மாடு ஓடையைத் தாண்டாது, சந்தேகம் இருப்பவர்கள் வந்து மணிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று பேசினார். அதே நாளில் காவலர்கள் ஓடைக்கு அப்பால் மந்தையை மடக்கினார்கள்; நான் புதருக்குள் பதுங்கிவிட்டேன். மாடுகளின் தொடையில் அவருடைய சூட்டுக்குறி. மணிக்குள்ளிருந்து துணியை உருவி எல்லார் முன்னாலும் காட்டினார்கள்.

அவர் வந்து சேர்ந்தபோது பட்டி முன்னால் மாட்டுக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கூடியிருந்தார்கள். துணியை வாங்கிப் பார்த்தார். பச்சைக் கரை.

"உனக்குத் தெரியுமாலே?"

"தெரியாது அண்ணாச்சி."

என் தோளில் கிடந்த துண்டின் கிழிந்த முனையைச் செத்த நேரம் பார்த்தார். பொறவு துணியை மடியில் சொருகிக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"மாடு என்னுது. தப்பும் என்னுது. எழுதிக்கிடுங்க."

கிடைக்க இருந்த மேய்ச்சல் அனுமதி நின்றுபோனது. கட்சி மறுபடி அவரை நிறுத்தவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் காதுபடவே, "டெல்லியில பேச்சு, மலையில மேய்ச்சல்" என்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் பட்டிக்கு வருவார். கடைசிவரை என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்ததுதான் என் இரண்டாவது துரோகம். போன தை மாசம் அவர் காலமானார்.

சேத்தூரில் போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு எதிரே அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தர், யாரென்று தெரியாமலே, "மணியில துணி அடைச்ச எம்.பி.யோட ஊரா நீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். நான் அப்போதும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். துணியை அடைத்தவன் நான். பொய் சொன்னவனும் நான். அது நடந்தபோது அவருக்கு எதுவும் தெரியாது. வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது செத்த கன்றுகளை முன்னால் வைத்து, பாவம் என்ன செய்வான் என்று என் பங்கைக் குறைத்துவிடாதீர்கள். எழுதியிருப்பது போலவே சொல்லுங்கள். அந்தப் பெண் காதுக்கும் அது அப்படியே போய்ச் சேரவேண்டும்.