சுமைதாங்கியைக் கடைசியில் வைத்தேன்

1. தீபாவளி கழிந்த வாரம் அவரைக் கட்டிலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன.
2. ஐந்தாவது வாரம் நடைபயிற்சிக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே எழுந்து நின்றார்.
3. எட்டாவது வாரம் கம்பியைப் பிடித்தபடி முனைக்கு முனை நான்கு நடை நடந்தார்.
4. அதே வாரம் அவருக்காக ஓர் அட்டை எழுதினேன்.
5. பத்தாவது வாரம், வியாழக்கிழமை காலை, விழுந்தார்.

இதில் நான்காவது முழுக்க என் வேலை. ஐந்தாவது அதிலிருந்து வந்தது.

கம்பம் ஊரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. பிசியோதெரபி படித்தவள் நான் ஒருத்திதான். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஜீப் ஓடாத காலத்தில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்து, மெட்டு என்கிற மலைப்பாதையில் ஏறி, ஏலத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவர் மனைவி தோட்டத்தில் காய் பறிப்பவர். விடியுமுன் ஜீப்பில் போனால் இருட்டித்தான் திரும்ப முடியும். கணவர் படுக்கையில் கிடந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "வாய்க்கா வரைக்கும் தானா போயிட்டு வந்தாகன்னா போதும் ஆத்தா. நான் மலைக்குப் போயிருவேன்."

காலைக்கடனுக்குப் போகும் வாய்க்கால் வீட்டிலிருந்து நாற்பது எட்டு. அதுதான் எங்கள் இலக்கு.

நடக்க நடக்கக் கால் தேறும். ஆனால் அளவு மிஞ்சினால் கெடும். அந்த அளவைப் பார்க்க என்னிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. நாடி பிடித்து எண்ணுவேன். இவரிடம் அது பயன்படவில்லை. இரத்தக் கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, எவ்வளவு உழைத்தாலும் நாடியை ஏறவிடாது. அவரையேதான் கேட்க வேண்டும். கல்லூரியில் கற்றுக்கொடுத்தபடி, சிரமத்துக்கு ஆறிலிருந்து இருபதுக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னேன்.

"ஏழுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல நான் என்னத்தக் கண்டேன் தாயி? மெட்டு ஏறுறதக் கேளு, சொல்றேன்."

கேட்டேன். அவர் சொன்ன வரிசையை அப்படியே, சிரமம் ஏறும் அளவாக, அட்டையில் எழுதினேன்: அடிவாரம், முதல் வளைவு, ஊற்று, வழுக்குப்பாறை, சுமைதாங்கி. அவர் வழுக்குப்பாறை என்று சொன்னதும் நடையை நிறுத்திவிடுவது என்று திட்டம். சுமைதாங்கி போகவே கூடாத இடம். எனக்கு அந்த அட்டை மிகவும் பிடித்திருந்தது. அதை ஒளிப்பதில் பயனில்லை.

இரண்டு வாரமும் அவர் ஊற்றைத் தாண்டவில்லை. நான்கு நடையை ஆறாக்கினேன். ஆறை எட்டாக்கினேன். "எங்கன இருக்கீக?" என்று அவர் பேச்சிலேயே கேட்பேன்.

"ஊத்துதான். இன்னும் தண்ணியே குடிக்கல."

மனைவி பக்கத்திலிருந்து, "ஆமா, ரெண்டு கம்பிக்குள்ள ஆட்டக் கட்டுனாப்புல நடக்குறாக, இதுல மெட்டு ஏறுறாகளாம்," என்பார். அவர் சிரிப்பார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு நடை என்று வைத்தேன். ஒன்பதாவதில் கேட்டபோது ஊற்று என்றார். பதினொன்றாவதிலும் ஊற்று. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அட்டையில் ஊற்று என்று எழுதக் குனிந்தேன். கம்பியின் முனைக்கு வந்ததும், "சுமைதாங்கி வந்திருச்சு தாயி," என்றார். நான் நிமிர்வதற்குள் கம்பியை விட்டு, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனார். மூட்டையை இறக்குகிற மாதிரி. இடது பக்கமாகச் சாய்ந்தார்.

தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்திருந்தது.

மதுரைக்குக் கொண்டுபோக வண்டி வரும்வரை வராந்தாவில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். அட்டையை எடுத்து, இதில் ஏன் ஒருநாளும் வழுக்குப்பாறை என்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படி ஆத்தா சொல்லுவாக? நடுவழியில மூட்டைய இறக்குனா மறுபடி தூக்கிவிட ஆளு ஏது? மூச்சு முட்டுனாலும் வாயத் திறக்க மாட்டாக. சுமைதாங்கி வந்தாத்தான் இறக்கணும். பின்னால வாரவுகளும் அது வரைக்கும் முடியுதான்னு கேக்க மாட்டாக." அட்டையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ தினமும் கேட்டுக்கிட்டே இருந்தே."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அந்த அட்டையை யாருக்கும் பயன்படுத்துவதில்லை. நடக்கும்போதே எதையாவது பேசச் சொல்கிறேன்: மாட்டைப் பற்றி, மகள் வீட்டைப் பற்றி. ஒரு வாக்கியம் மூச்சு வாங்காமல் முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியாவிட்டால் நிறுத்துகிறேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

அவர் மதுரையிலிருந்து திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. நடக்கவில்லை. செவ்வாய்தோறும் அவர் வீட்டுக்குப் போய்க் காலை மடக்கி நீட்டிவிட்டு வருகிறேன். அவர் மனைவி மலைக்குப் போவதில்லை.