மட்டமான வேலை

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஊரு வச்ச பேரு ரசமட்டம். தொழில் வயரிங். மத்தவங்க சட்டைப் பையில பேனா வச்சிருப்பாங்க, இவர் சமமா இருக்கான்னு குமிழியை வச்சு மட்டம் பார்க்கிற குட்டி ரசமட்டம் ஒண்ணு வச்சிருப்பார். சாவு வீட்டுக்குப் போனாலும் சுவத்துல மாட்டின படத்தை நேராக்கிட்டுத்தான் அழுவார். தன் கல்யாணத்தன்னிக்கே, கேமரா ஸ்டாண்டு சாஞ்சிருக்குன்னு மணமேடையிலிருந்து எழுந்து போன ஆள். அப்பவே எங்கப்பா மூஞ்சி சுருங்கிப்போச்சு.

அப்பா ரிட்டையர் ஆன கொத்தனார். ஒருத்தரைப் பாராட்டினா நாக்கு தேஞ்சிடும்னு நினைக்கிறவர். மாப்பிள்ளையை மட்டம் தட்டறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அத்தானோ, மாமனார் வாயால ஒரே ஒரு தடவை நல்ல வார்த்தை கேட்டுடணும்னு பத்து வருஷமா தவம் கிடக்கார். எனக்கே பாவமா இருக்கும்.

வாய்ப்பு எங்க கார் ஷெட்டுல வந்துச்சு. ஷெட் அப்பா தன் கையால கட்டினது. கரண்ட்டும் அவரே இழுத்திருந்தார்: ஆணிக்கு ஆணி தொங்குற வயர், வழியில நாலு இடத்துல டேப் சுத்தின ஜாயிண்ட். அங்கதான் என் தையல் மெஷினைப் போட்டேன். தொட்டா கையில ஜிவ்வுங்குது. அப்பாகிட்ட சொன்னா, செருப்பு போட்டுக்கிட்டுத் தைன்னார். இது ஒரு யோசனையா? நேரா அத்தானுக்குப் போன் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வந்தார். மெயினை அணைச்சு, டெஸ்டர் வச்சு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் பழைய வயர்ல கை வச்சார். சாக்பொடி தடவின நூலைச் சுவத்துல அடிச்சுக் கோடு போட்டார். கோட்டு மேலயே வெள்ளை பைப், ரெண்டடிக்கு ஒரு கிளிப். ஜாயிண்ட் எல்லாம் மூடி போட்ட பெட்டிக்குள்ள. பிளக் பாயிண்ட் கார் இடிக்காத உயரத்துல. எர்த் வயர் தனியா, கரண்ட் கசிஞ்சா தானே அணையுற பிரேக்கர் வேற. ஒவ்வொரு கிளிப்புக்கும் ரசமட்டத்தை வச்சு, குமிழி நடுவுக்கு வந்தப்புறம்தான் ஸ்க்ரூவை முடுக்கினார்.

முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பார்த்தா எனக்கே பகீர்னுச்சு. பைப் கோணல். இந்தப் பக்கம் கூரையை ஒட்டி ஆரம்பிச்சது, அந்தக் கோடியில நாலு விரல் இறங்கிக் கிடக்கு.

அப்பாவுக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒரு சுத்து வந்து, வேலை படு மட்டம்னார். கண்ணை மூடிக்கிட்டு இழுத்தாக்கூட இதைவிட நேரா வரும்னார். அத்தான் முகம் செத்துப்போச்சு. அவருக்குத் தெரியும், சாஞ்சது பைப் இல்ல, கூரைன்னு. ஆனா அதை எப்படிச் சொல்றது? கட்டினவர் மாமனாராச்சே. வேணும்னா கூரைக்குச் சமமா சாய்ச்சு மாட்டிடறேன் மாமான்னு, முதல் ஸ்க்ரூவைக் கழட்டப் போயிட்டார். படம் கொஞ்சம் சாஞ்சாலே தூக்கம் வராத மனுஷன்!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவர் பையிலிருந்து ரசமட்டத்தை உருவி அப்பா கையில திணிச்சேன். "நீங்களே வச்சுப் பாருங்கப்பா."

கொத்தனார் கையில ரசமட்டத்தைக் குடுத்தா வைக்காம இருக்க முடியுமா? பைப் மேல வச்சார். குமிழி நடுவுல சமர்த்தா உக்காந்துச்சு. ஸ்டூல் மேல ஏறிக் கூரை ஓரத்துல வச்சார். குமிழி மூலைக்கு ஓடி ஒளிஞ்சுக்கிச்சு. திருப்பி வச்சார், அப்பவும் அதே மூலைதான்.

இறங்கி வந்து, ரசமட்டத்தை அத்தான் பையில சொருகினார். "மட்டமாத்தான் இருக்கு மாப்பிள்ளை."

அத்தான் மெதுவா கேட்டார். "எது மாமா? பைப்பா, கூரையா?"

"ரெண்டும்தான்."

அத்தானுக்கு அது உறைக்க அரை நிமிஷம் ஆச்சு. உறைச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு. இப்பல்லாம் புதுசா வேலை கேட்டு யார் வந்தாலும் அதான் முதல் பேச்சு: எங்க மாமனாரே என் வேலை மட்டம்னு சொல்லியிருக்கார்ங்க. பாதிப் பேர் வேற ஆளைத் தேடிப் போயிடறாங்க.