மேல் வீட்டுக் கூரை

இன்னொருவரின் சேமிப்பை எடுத்து, பெற்ற தாய்க்குச் செய்வது உதவியாகுமா?

சிவாஜிநகரில் அம்மா வசித்த மேல் வீட்டின் கூரை ஒழுகியது. கையில் பணமில்லாத நான், அவருடைய கீழ் வீட்டைத் தையல்காரர் ஒருவருக்கு லீசுக்கு விடச் சொன்னேன். மாத வாடகை கிடையாது. தையல்காரர் தரும் எட்டு லட்சத்தை மூன்றாண்டு கழித்து அப்படியே திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தில் புதுக் கூரை போட்டேன். கெடுவுக்குள் சேர்த்துவிடலாமென நம்பியிருந்தபோது என் வேலை போனது.

கெடு முடிந்த மூன்றாம் மாதம் தையல்காரர் மாடியேறி வந்தார்.

"தம்பி, போன மழையில சாக்கடைத் தண்ணி கட்டில் வரைக்கும் ஏறிடுச்சு. புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இனி முடியாது. என் காசக் குடுத்துடுங்க."

"இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க பாய்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

அவர் காசைத் திருப்ப, கீழ் வீட்டை வேறொருவருக்கு லீசுக்கு விட முயன்றிருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுவரின் ஈரத்தைக் கண்டு, மேல் வீடு கிடைக்குமா என்றே கேட்டிருந்தார்கள்.

அம்மாதான் பேசினார். "இது அவரு காசுல போட்ட கூரைடா. மேல் வீட்ட லீசுக்கு விட்டு அவருக்குக் குடு. நான் கீழ போறேன்."

"அங்க தண்ணி வரும்மா."

"அவரு புள்ளைங்களுக்கும்தான வந்துச்சு?"

மேல் வீட்டை லீசுக்கு எடுத்த புதியவர் தந்த பணம் தையல்காரருக்குப் போனது. கீழ் வீட்டில் அம்மாவின் கட்டில் கால்களுக்குச் செங்கல் அடுக்கியவன் நான்.

இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். புதியவரின் பணத்தைத் திருப்பித் தந்து அம்மாவை மீண்டும் மேலே குடியேற்ற மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்குகிறேன். அதை உதவி என்று யாரிடமும் சொல்வதில்லை.