நாற்பத்தொரு ஜிபி மிச்சம்

போன வருடம் தைப்பூசம் முடிந்து வந்த சனிக்கிழமை அது. பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில்தான் நடந்தது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. நான்கு நாள் தொடர்ந்து ஷிப்ட் பார்த்துவிட்டு, அன்று காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன்.

"மேல் வீட்டுத் தங்கச்சி புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்குங்க. நீங்க வந்து செட் பண்ணிக் கொடுப்பீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேல் வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பார்வையற்ற பிள்ளைகள் கேட்டுப் படிப்பதற்காகத் தமிழ்ப் பாடப்புத்தகங்களைக் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கிறார். யாராவது புத்தகத்தை வாசித்தால் இவர் தட்டுவார். திரையில் இருப்பதைக் கணினி இவருக்குப் பேசிச் சொல்லும். ஆறு வருட உழைப்பு முழுவதும் பழைய கணினியின் டிஸ்கில் இருந்தது. அந்தக் கணினி திடீர் திடீரென்று நின்றுபோகத் தொடங்கியதால்தான் புதியதை வாங்கியிருந்தார்.

ஒரு மணி நேர வேலை என்று போனேன். முதல் கோணல், ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. இரண்டாவது, கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் முழுக்கச் சீன மொழியில் இருந்தது. மாற்றலாம் என்றால், மொழியை மாற்ற முடியாத வகை அது. கடைக்குப் போன் அடித்தேன். திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ஒரு வரியும் புரியாத மெனுக்களில் ஸ்பீக்கரைத் தேடி அரை மணி நேரம் போனது. கடைசியில் அந்தப் பெண் எழுந்து வந்து பெட்டியின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, ஸ்பீக்கரை மைக் ஓட்டையில சொருகியிருக்கீங்க."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

சரி, ஆங்கில விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று கீழே என் வீட்டுக்குப் போய்ப் பென்டிரைவைத் தயார் செய்துகொண்டு வந்தேன். கையோடு பழைய டிஸ்கையும் புதுப் பெட்டிக்குள் மாட்டினேன்.

"அதை அப்புறம் மாட்டலாமே அண்ணே? விண்டோஸ் போட்டு முடிச்சிட்டு?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ பெட்டியத் திறக்கணுமா? எனக்குத் தெரியும்லா, நீங்க உக்காருங்க" என்றேன்.

எந்தப் பகுதியில் விண்டோஸைப் போடுவது என்று கேட்கும் திரை வந்தது. அந்தக் கட்டத்தில் கணினி பேசாது. இரண்டு டிஸ்கின் பகுதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு வரிகள் வந்திருந்தன. சிலவற்றின் முன்னால் டிரைவ் 0, மற்றவற்றின் முன்னால் டிரைவ் 1. புதியதுதான் பூஜ்யமாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

"என்ன போட்டிருக்கு அண்ணே? ஒவ்வொரு வரியா வாசிக்கிறீங்களா?"

"எல்லாம் பார்ட்டிஷன்தான்மா. அந்தச் சீன விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசாப் போடணும், அவ்வளவுதான்."

"எத்தனை ஜிபின்னு..."

"அதெல்லாம் எதுக்குமா? நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. முதல் வரியை அழித்தேன். இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்து டெலீட்டை அழுத்தினேன். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்டது. ஓகே மேல் அம்புக்குறியை வைத்துவிட்டேன். அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அந்த வரியில காலி இடம்னு ஒன்னு போட்டிருக்கும். அது மட்டும் எவ்வளவு?"

இவர் வாயை அடைத்தால்தான் வேலை ஓடும் என்ற எரிச்சலில் வாசித்தேன். "நாப்பத்தொன்னு ஜிபி. போதுமா?"

"கையை எடுங்கண்ணே!"

அவர் கத்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மவுஸிலிருந்து கை தானாக விலகியது.

"அது என் பழைய டிஸ்க். நேத்துதான் பார்த்தேன், நாப்பத்தொன்னு ஜிபிதான் மிச்சம் இருந்துச்சு. புதுசுல எப்படி இடம் நிறைஞ்சிருக்கும்?"

ரத்துசெய்துவிட்டு மின்சாரத்தை அணைத்தேன். ஆறு வருட உழைப்பு ஒரு சொடுக்கில் போயிருக்கும். முழுவதுமாகத் தப்பவும் இல்லை. நான் முதலில் அழித்த வரியும் பழைய டிஸ்கினுடையதுதான். அதில் பழைய விண்டோஸ் இருந்தது, கூடவே டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்திருந்த சில கோப்புகளும். டிஸ்கைக் கழற்றி என் வீட்டுக்கு எடுத்துப்போய், அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். பல கோப்புகள் வந்தன. ஆனால் அந்த மாதம் அவர் தட்டி முடித்திருந்த நான்கு பாடங்கள் மட்டும், திறந்தால் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக நின்றன.

யார் மேல் கோபப்படுவது? மனைவி மேல், கடைக்காரர் மேல், விண்டோஸ் மேல் எல்லாம் சனிக்கிழமை காலையிலேயே பட்டு முடித்துவிட்டேன். மிச்சம் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை மாலை மேலே போய் உண்மையைச் சொன்னேன். "பெரிய பகுதி தப்பிச்சுதே அண்ணே. நாலு பாடந்தானே, திரும்ப அடிச்சிடலாம். வாசிக்கத்தான் ஆள் வேணும்" என்றார்.

நான் வாசித்தேன். பழைய டிஸ்கை மாட்டாமல் தனியே வைத்துவிட்டு ஆங்கில விண்டோஸைப் போட்டுக் கொடுத்த பிறகு, மூன்று சனிக்கிழமைகள் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்த நான்கு பாடங்களையும் வாசித்தேன். காற்புள்ளி, படத்தின் கீழே இருக்கும் பொடி எழுத்து, பக்க எண் எதையும் அவர் விடவில்லை. நான் தாவினால் விரல்கள் நின்றுவிடும். எனக்கு அப்போதும் எரிச்சல் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் போட்ட சத்தத்தைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திருப்பித் திட்டியிருந்தால்கூட, "எனக்குத் தெரியும்" என்று சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இப்படி உறுத்தாது.